ஏற்றம் மட்டும் பார்த்து வாங்கிய வண்டி

அக்குறணையில் யாராவது மோட்டார் சைக்கிள் வாங்க யோசனை கேட்டு என்னிடம் வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. "வேற ஆள் கிடைக்கல்லயா ஒங்களுக்கு?" என்று கடித்து அனுப்பிவிடுகிறேன். நஸீமுக்கு மண்டைக்கனம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். ஒரு தடவை யோசனை சொன்னேன். அதைக் கேட்ட மனுஷன் மாத்தளை வீதிக் கடையில் ஒரு காலை நீட்டியபடியே உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கால் இனி மடங்காது.

அவர் தாஸிம் மச்சான். என் மூத்த சகோதரி ஸக்கியா ராத்தாவின் புருஷன். பாக்கும் மிளகும் வாங்கி விற்கிற சின்னக் கடை அவருடையது. பேச்சுக் குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு. ஆனாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரியாத முஸ்லிம் வீடு கிடையாது. தெரிந்தது வியாபாரத்தால் அல்ல. யாராவது இறந்துபோனால் அந்த மௌத்துச் செய்தியை அவர்தான் கொண்டு போவார்.

எங்கள் ஆட்களில் ஒருவர் மௌத்தானால் அன்றைக்கே அடக்கம் செய்ய வேண்டும். விடியற்காலை சுபஹில் போனவரைப் பின்னேரம் அஸருக்குள் மண்ணில் வைத்துவிடுவோம். ஆனால் பெண் கொடுத்ததும் எடுத்ததும் ஓர் ஊருக்குள்ளா இருக்கிறது? ஒரு மகள் மாத்தளையில், ஒரு தங்கை கம்பளையில், ஒரு மகன் கடுகண்ணாவையில் கடை வைத்திருப்பான். அவர்கள் வந்து முகம் பார்க்க வேண்டும். தந்தி இருக்கிறதே என்பீர்கள். தந்தி டவுன் வரைக்கும் பறந்து வரும். அங்கிருந்து தபால் பியூன் நடந்து உள்கிராமத்துக்குப் போவதற்குள் இங்கே மையித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கியிருப்பார்கள். அதனால் பள்ளிவாசலில் இருந்து நாலு திசைக்கும் ஆள் அனுப்புவதுதான் வழக்கம். நடந்து போவார்கள், கிடைத்தால் வண்டியில் தொற்றிக்கொள்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருடம் தாஸிம் மச்சானின் வாப்பா மௌத்தானபோது மச்சான் மாத்தளைக்கு அப்பால் நாலந்தைப் பக்கம் மிளகு வாங்கப் போயிருந்தார். செய்திக்கு அனுப்பிய ஆள் பாதி வழியில் மழைக்கு ஒதுங்கி, தேத்தண்ணி குடித்து, ஆறுதலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறான். மச்சான் ஓடி வந்தபோது கபுர் மண்ணில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. அவர் அழவில்லை. வந்திருந்த ஒவ்வொருவரிடமும் போய், "வாப்பாட முகம் எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்டார். ஒருத்தர் சிரித்த மாதிரி என்றார். இன்னொருத்தர் களைத்துப்போய் இருந்தது என்றார். மூன்றாமவர் யோசித்துவிட்டு, சரியாகப் பார்க்கவில்லை என்றார். அந்தக் கேள்வியை அவர் அதற்கப்புறம் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு திரிந்தார். எங்கள் ராத்தாதான் ஒருநாள் அதட்டி நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு ஊரில் யார் மௌத்தானாலும் பள்ளிவாசலுக்கு முதலில் போய் நிற்பவர் தாஸிம் மச்சான்தான். "நான் போறன்" என்பார். கூலி வாங்கமாட்டார். யாராவது நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மிதி சைக்கிளில் கம்பளை வரைக்கும் போயிருக்கிறார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. புறப்படுமுன் மையித்தின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். பெண் என்றால் உள்ளேயிருந்து யாரையாவது கூப்பிட்டு விசாரிப்பார். போய்ச் சேர்ந்த வீட்டில் வாசலிலேயே செய்தியைப் போட்டு உடைக்கமாட்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒரு வாய் தண்ணி தாங்க" என்று கேட்பார். குடித்து முடித்த பிறகுதான் வாய் திறப்பார். கொஞ்ச வருடத்தில் இது எல்லா வீட்டுக்கும் தெரிந்துபோயிற்று. தாஸிம் தண்ணி கேட்டாலே உள்ளே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். வர முடியாத நோயாளிகளும் கிழடுகளும் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், "தூங்குற மாதிரி இருந்திச்சி" என்பார். எல்லாருக்கும் அந்த ஒரே பதில்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

முப்பத்திரண்டாம் வருடம் தன் ஒரே மகள் ருக்கியாவை மாவனெல்லைக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார். கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே. கலியாணம் முடிந்த வாரமே என்னிடம் வந்தார்.

"நஸீம், ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கோணும். புள்ளய அவ்வளவு தூரத்தில குடுத்திட்டன். நாளைக்கு எனக்கோ ராத்தாக்கோ ஒண்டு நடந்தா அவள் முகம் பாக்காம நிக்கப்படாது."

என்னிடம் கேட்டதற்குக் காரணம், நான் மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் ஆறு மாதம் லொறி ஓட்டியிருக்கிறேன். ஆறே ஆறு மாதம். அதற்கே என் நடையும் பேச்சும் மாறிப்போயிருந்தன என்று ராத்தா நக்கலடிப்பாள்.

கண்டியில் திருகோணமலை வீதிப் பக்கத்தில் ஒரு கராஜில் பழைய வண்டிகள் இரண்டு விற்பனைக்கு நின்றன. அங்கே மெக்கானிக்காக இருந்தவர் மூக்கையா. தோட்டத்துத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்துவிட்டு டவுனுக்கு வந்தவர். அவர் இரண்டையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

ஒன்று கறுப்பு. நூற்றைம்பது சீ.சீ. ஒல்லியான வண்டி, ஒரு கையால் தூக்கித் திருப்பலாம். ஒரு துரை வைத்திருந்தது. உதைத்த முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. இதற்கு எண்ணெய் வைக்கத் தனி இடம் கிடையாது. பெற்றோலோடு எண்ணெயைக் கலந்து ஒரே டாங்கியில் ஊற்ற வேண்டியதுதான். பின்னால் நீலப் புகை விடும்.

மற்றது பச்சை. இருநூற்றைம்பது சீ.சீ. சேர்வேயர் ஒருவர் ஓட்டியது. எண்ணெய்க்குத் தனி டாங்கி, அதைச் சுற்ற விடுவதற்குத் தனிப் பம்ப். பாரம் அதிகம். நாலு உதை உதைத்தால் ஒரு தடவை இருமும். சீட்டு நல்ல அகலம், லைட்டும் பரவாயில்லை. சத்தம் மட்டும் கிழவன் செருமுகிற மாதிரி.

மலைநாட்டில் வண்டி வாங்குகிறவன் வேறெதையும் பார்க்கமாட்டான். ஏறுமா என்று பார்ப்பான். கரத்தைக்கு மாடு வாங்கும்போதும் அப்படித்தான், லொறி வாங்கும்போதும் அப்படித்தான். நானும் அந்த ஊர்க்காரன்தானே! இரண்டு வண்டியையும் ஹந்தானை வீதியில் ஏற்றிப் பார்ப்போம் என்றேன்.

முதலில் பச்சை. நான் ஓட்ட, மச்சான் பின்னால். இரண்டாம் வளைவில் எஞ்சின் திணற ஆரம்பித்தது. மூன்றாம் வளைவில் மச்சான் இறங்கித் தள்ளினார். வால்வு தேய்ந்திருக்கிறது, ஒரு நாள் கொடுத்தால் சரிசெய்து தருவேன் என்று மூக்கையா முதலிலேயே சொல்லியிருந்தார். அதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்து கறுப்பு. அதே இரண்டு பேர், அதே ஏற்றம். மெதுவாகத்தான் போயிற்று. ஆனால் நிற்காமல், முணுமுணுத்துக்கொண்டு, மேலே தேயிலை தொடங்குகிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. மச்சானின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். இறங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு வந்தோம். பெற்றோல் மிச்சம்!

கராஜில் மூக்கையா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"மொதலாளி, ஏத்தம் பாத்துட்டீங்க. எறக்கத்தையும் ஒருக்கா பாத்துருங்க. இந்தக் கறுப்புல பெற்றோல் போனாத்தான் எண்ணெயும் போகும். கியர்ல போட்டுக்கிட்டு, பெற்றோல மூடிக்கிட்டு நீட்டுக்கு எறங்குனீங்கன்னா உள்ளுக்குக் காஞ்சி பிடிச்சுக்கும். நீங்க கடுகண்ணாவைப் பக்கம் போறதுன்னா பச்சைய எடுங்க. வால்வ நான் பாத்துத் தாறேன்."

"மூக்கையா, எறக்கத்தில எதுக்கு எஞ்சின்?" என்றேன் நான். "தள்ளி விட்டா தானா போகுதே!"

கராஜில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். மூக்கையா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பச்சை வண்டியைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அவர் என்னோடு வாதாடி வெல்வதா, நான் பெரிய மனிதன், அவர் வெறும் மெக்கானிக். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

கறுப்பு வண்டி மூன்று வருடம் குறை சொல்ல முடியாதபடி ஓடியது. மச்சான் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி, கியரில் போடாமல் உருட்டியே பழகிக்கொண்டார், அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பத்துநாலு கடைசியில் மலேரியாக் காய்ச்சல் கேகாலை, மாவனெல்லைப் பக்கமெல்லாம் பரவியபோது அந்த வண்டியின் சத்தம் கேட்டாலே ஊர் நடுங்கும். கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே, வாரத்துக்கு மூன்று தடவை, நாலு தடவை. சில நாளில் ஒரு வீட்டுக்குச் செய்தி கொண்டு போனவர் அந்த வீட்டிலிருந்தே வேறொரு செய்தியோடு திரும்பியிருக்கிறார். பிரேக் கட்டைகள் தேய்ந்து தகடாகிவிட்டன. மாற்றுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ருக்கியாவுக்கும் காய்ச்சல் கண்டது. ராத்தா போய் ஒரு மாதம் அவளோடு இருந்து பார்த்தாள். மகள் எழும்பினாள். திரும்பி வந்த ராத்தா படுத்தாள்.

அந்தக் காய்ச்சல் ராத்தாவை விட்டு விட்டுப் பிடித்தது. முப்பத்தைந்து ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு அன்று காலையில் அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. கண் திறந்தபோதெல்லாம் "ருக்கியா வந்திட்டாளா?" என்று கேட்டாள். டாக்டர் முந்தின நாளே கையை விரித்துவிட்டார். புத்தாண்டு நாள். பஸ் ஓடவில்லை. வாடகைக் கார்க்காரர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தபாற்கந்தோர் பூட்டு.

மச்சான் கறுப்பு வண்டியை வெளியே எடுத்தார். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது, வீதி முழுக்க ஈரம். நான் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். பிடிக்கவே இல்லை.

"மச்சான், இதை நம்பிக் கணவாயில உருட்ட ஏலாது" என்றேன். "லொறி இறக்கிற மாதிரி இறக்குங்க. கியர்ல போட்டு, பெற்றோல மூடிட்டு இறங்குங்க. எஞ்சினே புடிச்சிக் கொள்ளும்."

சொன்னது நான்தான். ஆறு மாத லொறிக்காரன். மூக்கையா சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை. ராத்தா உள்ளே முனகிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்றும் ஞாபகம் வரவில்லை.

"லுஹருக்கு முன்னம் புள்ளயோட வந்திருவன்" என்றார் மச்சான். மருமகனின் சாச்சாவிடம், அவனுடைய சிற்றப்பாவிடம், ஒரு கார் இருந்தது. அதில் ருக்கியாவை ஏற்றி அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வருவதாகத் திட்டம். உள்ளே போய் ராத்தாவின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "கூட்டிட்டு வாறன்" என்றார். அவளுக்குக் கேட்டதா தெரியாது.

பத்து மணிக்கு ராத்தா போய்விட்டாள்.

மதியம் லுஹர் ஆயிற்று. பெண்கள் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. மாத்தளை வீதியில் போய் நின்றுகொண்டேன். கறுப்பு வண்டியின் முணுமுணுப்பு கேட்கிறதா, கார் ஏதும் வருகிறதா என்று கண்டிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வீதியில் அன்றைக்கு ஒரு மாட்டுக் கரத்தைகூட இல்லை. தூரத்தில் சிங்களக் கிராமங்களில் புத்தாண்டுக்கு ரபான் மேளம் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. போய் ராத்தாவைப் பார்ப்போம் என்று இரண்டு தடவை திரும்பினேன். நான் திரும்புகிற நேரத்தில் கார் வந்துவிடும் என்று தோன்றியது, திரும்பவும் வந்து நின்றேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். நான் நின்றால் வண்டி சீக்கிரம் வந்துவிடுமா?

அஸர் தொழுதுவிட்டு பள்ளிவாசல் லெப்பை ஆள் அனுப்பினார். நான் ஓடிப் போனேன்.

"நஸீம், இன்னம் வெச்சிக் கொள்ள ஏலாது. காச்சல்ல போன மையித்து. மச்சான் இல்லாத எடத்தில நீதான் சொல்லோணும்."

"இன்னம் ஒரு அரை மணித்தியாலம்" என்றேன். கொடுத்தார்கள். அதுவும் போயிற்று. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"எடுங்க" என்றேன்.

அதற்குள் முகத்தை மூடிக் கட்டிவிட்டிருந்தார்கள். திறக்கச் சொல்லியிருக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். சந்தூக்கின் முன்கால் ஒன்றைத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

இருட்டி மஃரிபுக்குப் பிறகுதான் கடுகண்ணாவையிலிருந்து ஒரு கடைக்காரர் சைக்கிளில் அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தான். நடந்தது இதுதான். மச்சான் நான் சொன்னபடியே கியரில் போட்டு, பெற்றோலை மூடி இறங்கியிருக்கிறார். ஒன்றரை மைல் போல அழகாகப் போயிருக்கிறது. பிறகு எஞ்சின் உள்ளே காய்ந்து சட்டென்று பிடித்துக்கொண்டது. பின்சில்லு சுழலாமல் பூட்டுப் போட்ட மாதிரி நின்று, ஈர வீதியில் வண்டி அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியிருக்கிறது. தொடை எலும்பு முறிந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்திருக்கிறார். புத்தாண்டு நாளில் அந்த வழியால் யார் வரப்போகிறார்கள்? கடைசியில் மேலே வந்த கரத்தைக்காரர்கள் தூக்கிக் கடுகண்ணாவைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் "என்ட மகளுக்குச் சொல்லுங்க, உம்மாக்குக் கடுமை எண்டு சொல்லுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். கீழே போகிற ஒரு ஆள் அந்தி நேரத்தில்தான் கிடைத்தான்.

மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மரப்பலகை வைத்துக் கட்டிய காலோடு மச்சான் மல்லாந்து கிடந்தார். கன்னத்தின் ஒரு பக்கம் தோல் இல்லை. என்னைக் கண்டதும் தலையைத் தூக்கினார்.

"புள்ள வந்திட்டாளா? ராத்தா எப்பிடி?"

பக்கத்தில் மேசைமேல் ஒரு தண்ணீர்க் கூசாவும் கோப்பையும் இருந்தன. எந்த நினைப்பும் இல்லாமல்தான் கேட்டேன், சத்தியமாக எந்த நினைப்பும் இல்லாமல்.

"மச்சான், ஒரு வாய் தண்ணி குடிச்சிக் கொள்றன்" என்றேன்.

அவர் தூக்கிய தலை தலையணையில் விழுந்தது. என் கையில் கோப்பை இருந்தது, குடிக்க முடியவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்து மணிக்கு என்றேன். அடக்கம்? அஸருக்குப் பிறகு என்றேன். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"முகம் எப்பிடி இருந்திச்சி?"

நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

"தூங்குற மாதிரி இருந்திச்சி மச்சான்."

அவர் கண்ணை மூடினார்.

"அது நான் சொல்றது, நஸீம்."

அதற்குப் பிறகு என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. எஞ்சினைக் கழற்றிப் பார்த்த மூக்கையாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டிப்போன பிஸ்டனை ஒரு கடதாசியில் சுற்றி என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். இரண்டு பேரில் ஒருவராவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அந்தப் பச்சை வண்டியை ஒரு தோட்டத்துக் கிளார்க் வாங்கினார். வாரத்துக்கு ஒரு தடவை செருமிக்கொண்டு, நானும் இப்போது கூடமாட இருக்கிற மச்சானின் கடை வாசலால் போகிறது. அது போய் முடியும் வரைக்கும் மச்சானும் நானும் பேசுவதில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் நான் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தபோதே வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ருக்கியாவும் மருமகனும் காரில் வந்து இறங்கியிருந்தார்கள். வழியில் இருக்கிறதென்று முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். அவளுக்கு வாப்பா விழுந்தது தெரியும், உம்மாவுக்குக் கடுமை என்பது தெரியும், அதற்குமேல் தெரியாது. கையில் ஒரு சின்னப் போத்தலில் உம்மாவுக்குக் கஞ்சி கொண்டு வந்திருந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு வாப்பாவின் காலைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாமா, உம்மாக்கு இப்ப எப்பிடி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்ல வேண்டியவன் நான்தான், அவரைச் சொல்ல விட்டிருக்கக் கூடாது. ஆனால் அது அவருடைய வேலை. பத்து வருடத்துக்கு மேல் மற்றவர்களின் வாசலில் நின்று செய்த வேலை. மச்சான் மகளின் கையை எட்டிப் பிடித்தார்.

"மகள்," என்றார், "வாப்பாக்கு ஒரு வாய் தண்ணி தா."

ருக்கியா கூசாவின் பக்கம் போகவில்லை. கஞ்சிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.